தமிழ் பொறித்த காசுகளுக்கு மும்மொழிப் பட்டியல்: கோத்தகிரியில் பதினான்கு மாத வேலை

பிரான்ஸிலிருந்து ஒரு சேகரிப்பாளர் அனுப்பிய படத்தில் புதுச்சேரிக் காசு தலைகீழாக இருந்தது. ஒரு பக்கத்தில் லில்லிப் பூ முத்திரை, அது நேராக. மறுபக்கத்தில் தமிழில் ஊர்ப்பெயர், அது கவிழ்ந்து கிடந்தது. "முப்பது வருஷமாக என் தட்டில் இருக்கிறது. இந்த எழுத்து என்ன சொல்கிறது?" என்று கேட்டிருந்தார். அவர் வைத்திருந்த பட்டியலில் அந்தப் பக்கத்துக்கு 'தமிழ் எழுத்து' என்பதோடு விவரம் முடிந்துவிட்டதாம்.

ஒரு பக்கத்தில் பதில் எழுத உட்கார்ந்தவன் நான்கு பக்கம் எழுதினேன். அடுத்த மாதம் ஜெர்மனியில் இருக்கும் இன்னொரு கடித நண்பர் சிலோன் காசுகளைப் பற்றி அதே மாதிரி கேட்டார். அவருக்கும் நான்கு பக்கம். தமிழ் எழுத்துள்ள காசு உலகமெல்லாம் தட்டுகளில் கிடக்கிறது, வைத்திருப்பவர்களால் அதைப் படிக்க முடியவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த எட்டுப் பக்கம்தான் தமிழ், பிரெஞ்சு, ஜெர்மன் என மூன்று மொழியில் 64 பக்கப் புத்தகம் ஆனது. கோத்தகிரியில் நான் நடத்துவது ஜெராக்ஸ், டிடிபி கடை. அதனால் பக்கம் அமைக்கும் வேலை தெரியும். மற்றதெல்லாம் செய்யச் செய்யக் கற்றதுதான். வேறு யாராவது இப்படி ஒரு வேலையில் இறங்கினால் நான் இடறிய இடங்களில் அவர்கள் இடறக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எனக்கு இருந்த ஆசை பெரியது. உலகக் காசுகள் முழுவதற்கும் தமிழில் ஒரு பட்டியல். சேகரிப்பாளர்கள் எந்தக் காசைப் பற்றிப் பேசினாலும் கேஎம் எண் சொல்வார்கள். 1972-இல் அமெரிக்காவில் முதல் பதிப்பு வந்த பெரும் பட்டியலைத் தொகுத்த கிரௌஸ், மிஷ்லர் இருவரின் பெயர் முதலெழுத்துகள்தான் அந்தக் கேயும் எம்மும். பின்னாளில் அது ஒரே புத்தகத்தில் அடங்காமல் நூற்றாண்டுக்கு ஒரு தொகுதியாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். அந்த அளவு வேலையை ஒரு கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஒருவன் செய்ய முடியாது என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. அப்புறம் எல்லையைச் சுருக்கினேன்: தமிழ் எழுத்து பொறித்த காசுகள் மட்டும். அதிலும் ஐரோப்பியக் கம்பெனிகளும் அரசுகளும் வெளியிட்டவை, கடைசியில் சிங்கப்பூர். பெருவழுதி என்று பொறித்த சங்ககாலப் பாண்டியர் காசுகளை மனமில்லாமல்தான் விட்டேன். அவற்றைப் படிக்கத் தமிழ் பிராமி தெரிய வேண்டும், எனக்குத் தெரியாது. தரங்கம்பாடி டேனிஷ் காசுகளில் அரசரின் பெயர்ச்சின்னம்தான் முக்கியம், அதனால் அவையும் இல்லை. 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கிய அட்மிரல் கார்ட்னர் கப்பலிலிருந்து எடுத்த 1808-ஆம் ஆண்டுப் பத்துக் காசு வெளிநாட்டில் எல்லாரிடமும் இருக்கிறது. அதில் தமிழ் எழுத்து இல்லை. அதுவும் போனது. மிச்சம் நின்றது 46 வகை: புதுச்சேரி, காரைக்கால், டச்சுக்காரர் காலத்து நாகப்பட்டினம், கோபுரம் பொறித்த சென்னை மாகாணத்து அரை வராகனும் அதன் கூட்டாளிகளும், சிலோன், சிங்கப்பூர்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதைத் தனிமனிதர் இந்தியாவை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. பிரெஞ்சு நண்பர் ஒரு காரைக்கால் காசு கேட்டபோது இதை எழுதித்தான் மறுத்தேன். அவர் புரிந்துகொண்டார். காசு போக வழியில்லை என்பதால் அதைப் பற்றிய செய்தியாவது முழுமையாகப் போகட்டும் என்ற வேகமும் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஜூன் மாதம் படம் எடுக்க ஆரம்பித்தேன். குன்னூரில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவில், பிலிம் படத்தைப் பெரிதாக்கும் பழைய என்லார்ஜர் கிடந்தது. அதன் கம்பத்தை மட்டும் வாங்கி வந்து, தலையைக் கழற்றிவிட்டு, கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தினேன். கைப்பிடியைச் சுற்றினால் கேமரா மில்லிமீட்டர் கணக்கில் ஏறி இறங்கும். காசுப் படத்துக்கு இதைவிட நல்ல ஸ்டாண்டு நான் பார்த்ததில்லை.

வெளிச்சத்தில்தான் முதல் அடி. மூடுபனி ஜன்னலை ஒட்டி நிற்கும்போது அறைக்குள் வரும் வெளிச்சம் பால் மாதிரி மெத்தென்று இருக்கும். மனித முகத்துக்கு அது அருமை. தேய்ந்த செப்புக்காசுக்கு அது ஆகாது, ஏனென்றால் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் அரை மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாத எழுத்து மறைந்துவிடும். இரண்டு நாள் எடுத்த படங்களை அழித்துவிட்டு, ஜன்னலை மூடி, ஒரு எல்இடி விளக்கைக் காசின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே சாய்வாக வைத்தேன். எழுத்து எழுந்து நின்றது. விளக்கு மேல் இடது பக்கம் இருக்க வேண்டும். கீழிருந்து வெளிச்சம் வந்தால் நம் கண்ணுக்கு மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். வெள்ளிக்கு மட்டும் இது சரிவராது, பளபளப்பு கண்ணைக் கூசும். அதற்கு விளக்குக்கும் காசுக்கும் நடுவே டிரேசிங் பேப்பர் ஒன்றைப் பிடித்தேன்.

எடை போட 0.001 கிராம் வரை காட்டும் தராசு. போட்ட உடனே எண்ணை நம்பக்கூடாது. அரைமணி நேரம் சூடேற விட்டு, 50 கிராம் படிக்கல் வைத்துச் சரிபார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு காசை மூன்று முறை போட்டேன். விட்டம் அளக்கப் பிளாஸ்டிக் வாய் உள்ள காலிப்பர். இரும்பு வாய் செம்பில் கீறல் போடும்.

மலையில் காசு சேர்ப்பவர்களுக்கு மழைக்காலம்தான் எதிரி. என்னுடைய பழைய பிளாஸ்டிக் உறைகளில் சில பிவிசி. அந்த வகைப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் ஈரத்திலும் காலத்திலும் கசிந்து காசின் மேல் பச்சைப் பிசினாகப் படிகிறது. ஒன்பது காசில் அப்படி இருந்தது. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து, உலரவிட்டால் போய்விடும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. இப்போது எல்லாம் மைலார் உறையில், டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கின்றன.

சிலோன் பகுதிக்குக் காசு தந்தது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா. 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நீலகிரியில் நிறைய. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அக்காவின் அப்பா பிஸ்கட் டப்பா ஒன்றில் காசுகளைப் போட்டு எடுத்து வந்திருக்கிறார். டப்பாவைத் திறந்தபோது என் நெஞ்சு அடைத்தது. பாதிக் காசு மின்னியது.

"தம்பி பாக்க வர்றீங்கன்னு நேத்துப் புளி போட்டுத் தேச்சு வச்சேன். நல்லா இருக்கா?"

என்ன சொல்வது? "நல்லா இருக்கு அக்கா. மிச்சத்த மட்டும் அப்படியே விட்டுடுங்க" என்றேன். புளி செம்பின் மேல்தோலைத் தின்றுவிடும். நூறு வருஷத்தில் படிந்த பழுப்பு நிறம் திரும்ப வராது, சேகரிப்பாளர்கள் அந்தக் காசைத் தொடமாட்டார்கள். ஆனால் அவர் அதைப் பூஜைப் பாத்திரம் விளக்குகிற அக்கறையோடு செய்திருந்தார். நல்லவேளையாகத் தேய்க்காத பாதியில் வேண்டியது இருந்தது. 1870 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா சதம், 1910-இன் சதுர ஐந்து சதம், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த நெளிவிளிம்புப் பத்துச் சதம். நான் 'சென்ட்' என்று சொல்லச் சொல்ல அக்கா ஒவ்வொரு முறையும் "சதம்" என்று திருத்தினார். காசிலும் அப்படித்தான் பொறித்திருக்கிறது. கையெழுத்துப்படியில் 'சென்ட்' என்று இருந்த இடமெல்லாம் அன்று இரவே மாற்றினேன்.

இனி மொழிபெயர்ப்பு. இந்த வேலையில் உண்மையான உழைப்பு இங்கேதான்.

நான் செய்த பெரிய தவறு, தமிழில் எழுதியதை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைக் கணினியிடம் கொடுத்து ஜெர்மனும் பிரெஞ்சும் வாங்கியது. எனக்கு இரண்டு மொழியும் அகராதி துணையோடு படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். முதல் பத்துப் பக்கத்தை ஜெர்மன் நண்பருக்கு அனுப்பினேன். நாணயச்சாலை என்ற இடத்தில் புதினாக்கீரை வந்திருக்கிறது என்று எழுதினார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'மின்ட்' ஒரே சொல். காசு என்ற இடத்தில் 'பார்கெல்ட்', அதாவது ரொக்கப்பணம். சேகரிப்பாளருக்கென்று மெருகேற்றிய தகட்டில் அடிக்கும் சிறப்புக் காசுக்கு ஆங்கிலத்தில் 'ப்ரூஃப்' என்பார்கள். அது ஜெர்மனில் 'சாட்சியம்' ஆகியிருந்தது. அவர்கள் அதை 'மெருகிட்ட தகடு' என்ற பொருளில்தான் சொல்கிறார்கள்.

பிரெஞ்சில் குழப்பம் இன்னும் ஆழம். புதுச்சேரிச் செப்புக்காசின் பிரெஞ்சுப் பெயர் 'தூதூ'. நம் துட்டுதான் அது. துட்டு என்ற சொல்லே டச்சுக்காரரின் 'டொய்ட்' காசிலிருந்து வந்ததாக நம் பேரகராதி சொல்கிறது. டச்சில் பிறந்து, தமிழில் வளர்ந்து, பிரெஞ்சுக்குப் போன சொல். ஆனால் இன்றைய பிரெஞ்சில் தூதூ என்றால் குழந்தை கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் துணிப் பொம்மை. கணினி அதைப் பொம்மையாகவே ஜெர்மனுக்குக் கொண்டுபோனது. துட்டுக்குக் கீழே இருக்கும் காசு பிரெஞ்சில் 'காஷ்'. இன்றைய பொருள் மறைவிடம். பணம் என்பது 'ஃபனோன்'. அதற்கு மாட்டின் கழுத்துத் தொங்குதசை என்று ஒரு பொருள் உண்டு.

காசு என்ற சொல்லின் பயணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. போர்ச்சுக்கீசியர் வாயில் 'காய்ஷா', அங்கிருந்து ஆங்கிலத்தில் 'கேஷ்', டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் அடித்த காசில் 'காஸ்', பிரெஞ்சுக்காரருக்குக் 'காஷ்'. நம் வீட்டிலிருந்து போன பிள்ளையை அந்தந்த ஊர் அகராதியில் தேடி மொழிபெயர்த்தால் எப்படி அடையாளம் தெரியும்? அன்று ஒரு முடிவெடுத்தேன். காசின் மதிப்புப் பெயரை எந்த மொழியிலும் மொழிபெயர்ப்பதில்லை. தமிழ் எழுத்தில் அப்படியே போடுவது, பக்கத்தில் அந்த மொழிச் சேகரிப்பாளர் காலங்காலமாகச் சொல்லிவரும் பெயரைக் கொடுப்பது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்துவிட்டேன். முதலில் சொற்பட்டியல், பிறகு வாக்கியம் என்று வேலையைத் திருப்பிப் போட்டேன். ஒரு நோட்டில் 118 சொல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக 'இதை உங்கள் ஊரில் ஏலப்பட்டியலில் எப்படி அச்சிடுவார்கள்?' என்று இரண்டு நண்பர்களுக்கும் அனுப்பினேன். அகராதியில் கிடைக்காதது அதில் கிடைத்தது. பிரெஞ்சில் 'குவான்' என்றால் நாணயம் அடிக்கும் அச்சு, ஆங்கிலத்தின் 'காயின்' அதிலிருந்து வந்த சொல்தான். இதைத் தெரியாமல் நான் இரண்டு இடத்தில் அச்சைக் காசு ஆக்கியிருந்தேன். ஜெர்மனில் 'உம்ஷ்ரிஃப்ட்' என்றால் காசைச் சுற்றி ஓடும் பொறிப்பு. வேறொரு மொழியின் எழுத்தை லத்தீன் எழுத்தில் பெயர்த்து எழுதுவதற்கும் அதே சொல். என் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டும் வரும். பொறிப்புக்கு 'லெகெண்டெ' என்றும், எழுத்துப்பெயர்ப்புக்கு 'ட்ரான்ஸ்லிட்டெராட்ஸியோன்' என்றும் பிரித்துக்கொண்டோம். சிலோன் சதத்தில் உள்ள மரம் தாளிப்பனை. அது முதல் வரைவில் தென்னையாகப் போயிருந்தது. மரம் தெரியாமல் காசைச் சொல்ல முடியாது.

தரக்குறியீடு பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை இதில்தான் தொங்குகிறது. காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதைச் சொல்ல நாம் எல்லாரும் எஃப் (ஃபைன்), அதற்கு மேலே விஎஃப் (வெரி ஃபைன்), அதற்கும் மேலே எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்) என்று ஆங்கிலக் குறியில் பழகியவர்கள். விஎஃப் என்பதை மொழிக்கு மொழி சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'மிக அழகு' என்று வருகிறது. ஜெர்மனில் 'ஸேர் ஷோன்', பிரெஞ்சில் 'ட்ரே போ'. இரண்டுக்கும் ஒரே பொருள், ஆனால் ஒரே தரம் இல்லை! ஜெர்மன் ஸேர் ஷோன் சரியாக விஎஃப். பிரெஞ்சு ட்ரே போ ஒரு படி கீழே, வெறும் எஃப். விஎஃப் வேண்டுமென்றால் பிரெஞ்சில் 'ட்ரே ட்ரே போ', மிக மிக அழகு என்று இரட்டித்துச் சொல்ல வேண்டும். நான் 19 காசுக்கு ட்ரே போ என்று போட்டிருந்தேன். அத்தனையும் ஒரு படி இறங்கிப் போயின. பிரெஞ்சு நண்பர் படங்களைப் பார்த்துவிட்டு, "உங்கள் காசுகள் நீங்கள் சொல்வதைவிட நன்றாக இருக்கின்றனவே" என்று எழுதியதால் பிடிபட்டது. அச்சாகிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஸ்பெயினில் அழகைச் சொல்வதில்லை, 'நன்றாகப் பேணியது', 'மிக நன்றாகப் பேணியது' என்பார்கள். டென்மார்க்கில் எண்தான், பூஜ்யம் என்றால் புழங்காத புதுக்காசு.

தமிழுக்கு என்ன செய்வது என்று ஒரு மாதம் யோசித்தேன். அழகு என்ற சொல்லை வைக்க மனம் ஒப்பவில்லை. நம் வழக்கில் தேய்ந்த காசு அசிங்கம் இல்லை. 'உருத்தேய்வு, நடுத்தேய்வு, இளந்தேய்வு, தேய்வரிது, புழங்காதது' என்று தேய்மானத்தின் அளவை வைத்தே ஐந்து படி அமைத்தேன். பழகச் சிரமமாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஆங்கிலக் குறியும் இருக்கிறது.

எண்களிலும் கவனம் வேண்டும். 1.890 கிராம் என்று நான் எழுதியதை ஜெர்மன்காரர் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு என்று படிப்பார், அவருக்குத் தசமம் காற்புள்ளி. நம் 12,50,000 பிரெஞ்சில் 1 250 000, ஜெர்மனில் 1.250.000. மூன்று பகுதிக்கும் எண்களைத் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, சத்தமாக வாசித்துச் சரிபார்த்தேன். விலை போடவில்லை. ஒரே வருஷத்தில் பழசாகும் தகவலுக்குப் பக்கம் ஒதுக்க விருப்பமில்லை. என் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில், தெரிந்தவரை கேஎம் எண் கொடுத்தேன், அவர்கள் தங்கள் பட்டியலோடு ஒப்பிட அது போதும்.

பொறிப்பை எப்படிக் காட்டுவது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. என் கையில் இருக்கும் புதுச்சேரிக் காசுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஓலைக் காலத்துப் பழக்கம் அது, எழுத்தாணி புள்ளி வைத்தால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. இரண்டையும் பிரித்துக் காட்டும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார் என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான். ஆக, காசில் கண்ணுக்குத் தெரிவது 'புதுசசெரி'. படிக்க வேண்டியது 'புதுச்சேரி'. இரண்டையும் இரண்டு வரியாகக் கொடுத்தேன். மூன்றாவது வரியில் ஐஎஸ்ஓ 15919 என்ற சர்வதேச எழுத்துப்பெயர்ப்பு முறைப்படி லத்தீன் எழுத்து. அந்த முறையில் சகரத்துக்கு வரும் எழுத்தைப் பிரெஞ்சுக்காரர் 'ஸ' என்றோ 'க' என்றோ வாசித்துவிடுவார், அதனால் வாயால் சொல்லிப்பார்க்க நான்காவது வரி ஒன்று: ஜெர்மன்காரருக்கு அவர் பழக்கத்தில், பிரெஞ்சுக்காரருக்கு அவர் பழக்கத்தில். ஒவ்வொரு எழுத்துக்கும் அம்புக்குறி போட்டு, எந்தப் பக்கம் மேலே என்பதையும் காட்டினேன்.

பக்க அமைப்பு ஸ்கிரைபஸ் என்ற மென்பொருளில். பழைய 1.4 வரிசையில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன, 1.5 வரிசைக்குப் போனதும் சரியானது. பிரெஞ்சில் முக்காற்புள்ளிக்கு முன் ஒரு சிறு இடைவெளி விட வேண்டும், அது வரி உடையாத இடைவெளியாக இருக்க வேண்டும். இதை மறந்தால் அந்தப் புள்ளி தனியாக அடுத்த வரிக்கு ஓடிவிடும்.

தாள் தேர்வில் கணக்கு போட்டேன். ஏ5 அளவில் 64 பக்கம் என்றால் 32 தாள். சதுர மீட்டருக்கு 130 கிராம் உள்ள ஆர்ட் பேப்பரில் உள்பக்கங்களின் எடை 129 கிராம், சதுர மீட்டருக்கு 250 கிராம் உள்ள அட்டை 16 கிராம், புத்தகம் மொத்தம் 145 கிராம். 170 கிராம் தாள் தொட்டுப் பார்க்க அருமையாகத்தான் இருந்தது. ஆனால் புத்தகம் 185 கிராமாக ஏறும், விமானத் தபாலில் ஒவ்வொரு கிராமுக்கும் காசு. அதை விட்டேன்.

அச்சடித்தது கோயம்புத்தூரில். பதினாறு பக்கம் ஒரு பாரம், நான்கு பாரம். முதல் சரிபார்ப்புப் படியைப் பார்க்கக் காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கிப் போனேன். செம்புக்காசு ரோஸ் நிறமாக இருந்தது, மெஜந்தாவைக் குறைக்கச் சொல்லிச் சரிசெய்தோம். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். ஏதோ தோன்றி இரண்டாம் பாரத்தை வரிவரியாகப் படித்தேன். 'புதுசசெரி' என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் 'புதுச்சேரி' என்று இருந்தது. அச்சகத்தில் பக்கம் பார்த்த பையன் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து, நான் கொடுத்த கோப்பைத் திறந்து, ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார். பதினான்கு காசுக்கும்! நல்ல எண்ணத்தில் செய்தது, அதனால் கோபிக்க முடியவில்லை. காசு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, நெஜமாவே புள்ளி இல்லண்ணா" என்றார். அவரே உட்கார்ந்து பழையபடி மாற்றினார். அந்த மாதிரி இடங்களில் இனி ஓரத்தில் 'காசில் உள்ளபடி, திருத்த வேண்டாம்' என்று சிவப்பில் எழுதித்தான் கோப்பு கொடுப்பேன்.

300 பிரதி. மூன்று மொழியும் ஒரே அட்டைக்குள் இருப்பதால் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் ஒன்றே போதும், மொழிக்கு ஒரு புத்தகமாகப் போட்டால் தனித்தனியாக வாங்க வேண்டும். நம் நாட்டில் அதற்குக் கட்டணம் இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் மற்ற இரண்டு இடங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும், அனுப்பினேன். கட்டுகள் மலையேறி வந்த அன்று நல்ல மழை. பிளாஸ்டிக் சுற்றியும் ஓரப் பிரதிகள் ஈரம் குடித்து அட்டை வளைந்துவிட்டன. சமையலறையில் அடுப்புக்கு எதிர்ச்சுவரோரம் பலகைக்கு அடியில் அடுக்கி, மேலே கனம் ஏற்றி நான்கு நாள் வைத்ததில் முக்கால்வாசி நேரானது. வளைந்தே நின்ற பதினொன்றை இங்கேயே பள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டேன். முதல் பிரதி அக்காவுக்கு. சதம் என்று அச்சில் பார்த்ததும் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் அப்பாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

வெளிநாட்டுக்குப் போனது இதுவரை 94. கெட்டி அட்டை இரண்டுக்கு நடுவே வைத்து, உள்ளே பிளாஸ்டிக் உறை, மேலே பழுப்புத்தாள், சுங்கப் படிவத்தில் 'அச்சிட்ட புத்தகம்' என்று எழுத வேண்டும். 'நாணயம்' என்ற சொல் உறையின் மேல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். உள்ளே காசு இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

பிரெஞ்சு நண்பர் போன வாரம் அவருடைய பதினொரு புதுச்சேரிக் காசுகளையும் மறுபடி படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கையால் அடித்த காசில் முன்பக்க அச்சுக்கும் பின்பக்க அச்சுக்கும் உள்ள கோணம் காசுக்குக் காசு மாறும். கடிகார முள் மாதிரி பன்னிரண்டு, ஐந்து என்று குறிப்பார்கள். தமிழ்ப் பக்கத்தில் எது மேலே என்று தெரியாததால் அவர் குறித்து வைத்த கோணமெல்லாம் தவறாக இருந்திருக்கிறது. இப்போது அம்புக்குறியைப் பார்த்து, 'ரி' கீழ்வரியில் வரும்படி திருப்பி வைத்து அளந்திருக்கிறார். என் புத்தகத்தில் கோணத்துக்கென்று ஒரு கட்டமே இல்லை, எனக்கு அது தோன்றவில்லை. அடுத்த பதிப்புக்கு என் காசுகளையும் எடுத்து அளக்க ஆரம்பித்திருக்கிறேன். நேற்று வரை ஆறு முடிந்தது.